தண்ணீருக்கு மேலே ஆறு மில்லிமீட்டர்

1

எங்களுடைய முப்பதாவது கலியாண நாள் காலை. தேத்தண்ணிக் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோன நேரத்தில் என் மனைவி மலர் சொன்னாள்:

"இஞ்சருங்கோ, நான் ஒரு படகு பாத்து வைச்சிருக்கிறன். சனிக்கிழமை போய்ப் பாப்பம். சரியா இருந்தா அதை வாங்கி அதிலையே இருப்பம்."

நான் சிரித்தேன். கலியாண நாளுக்குப் பகிடி விடுகிறாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை. கைத்தொலைபேசியை என் முன்னால் நீட்டினாள். ஒரு ரயில் பெட்டியை இரண்டு பக்கத்தாலும் நெரித்து ஒடுக்கியது போல ஓர் இரும்புப் படகு. பச்சை நிறம். கூரையில் ஒரு புகைபோக்கி, பக்கத்தில் இரண்டு பூச்சாடி.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு எங்கள் நிலைமையை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் இங்கே அகதியாக வந்தவன். ஜெர்மனியின் பான் நகரத்தில் ஒரு பெரிய வெதுப்பகத்தில், முதுகு ஒத்துழைத்த காலம் வரை வேலை செய்தேன். பானில் பாண் போடுகிறவன் என்று நண்பர்கள் பகிடி பண்ணுவார்கள். மலருக்கு ஒரு பாலர் பள்ளிச் சமையலறையில் வேலை. ஒரே மகள் ஆரணி பிராங்பேர்ட்டில் காப்புறுதிக் கம்பனி ஒன்றில் இருக்கிறாள். நாங்கள் இருந்தது மூன்றாம் மாடியில், வாடகை வீடு. ஆரணி தவழ்ந்ததும் அங்கேதான், கோபித்துக்கொண்டு கதவைச் சாத்தியதும் அங்கேதான்.

வீட்டுச் சொந்தக்காரர் வயதாகிக் காலமானார். சில மாதம் கழித்து அவருடைய மகள் படியேறி வந்தார். கையில் ஒரு கேக் பெட்டி. உட்கார்ந்து, கேக்கை வெட்டி எங்களுக்கும் தந்துவிட்டு, தன் மகனுக்கு இந்த வீடு தேவைப்படுகிறது என்றார். சொந்தத் தேவைக்கு என்றால் இங்கே சட்டம் அவர்கள் பக்கம். கால அவகாசம் மட்டும் நமக்கு உண்டு. கேக் கொண்டுவந்து வீட்டை விட்டு எழும்பச் சொன்ன ஒருவரை நான் என் வாழ்க்கையில் அன்றுதான் கண்டேன். அதிர்ச்சியில் நன்றி என்று வேறு சொல்லிவிட்டேன்.

அதன் பிறகு வீடு தேடினோம். பார்க்கப் போன இடமெல்லாம் கீழ்ப் படியில் இருந்தே வரிசை நின்றது. பல்கலைக்கழகப் பிள்ளைகள், கைக்குழந்தையோடு தாய்மார், எங்களைப் போல நரைத்தவர்கள். தொலைபேசியில் எங்கள் பெயரைச் சொன்னதும் சில வீடுகள் அந்த நிமிடமே "போய்விட்டன".

இந்த நிலைமையில்தான் படகு.

"விசரே உமக்கு? படகை ஆர் ஓட்டுறது?" என்று கேட்டேன்.

"நான்."

கைப்பையைத் திறந்து ஒரு அட்டையை எடுத்து மேசையில் வைத்தாள். அவளுடைய படம். அவளுடைய பெயர். உள்நாட்டு நீர்வழிகளில் இயந்திரப் படகு ஓட்டுவதற்கான அனுமதிப்பத்திரம்.

என் கையில் இருந்த கோப்பை சரிந்து தேத்தண்ணி மடியில் கொட்டிவிட்டது. சூடு கூடத் தெரியவில்லை.

2

மலர் கார் ஓட்டப் பழகாதவள். கடிதம் வந்தால் என்னிடம் தருவாள். டாக்டரிடம் டெர்மின், அதாவது சந்திக்க நேரம், எடுப்பது நான், படிவம் நிரப்புவது நான். அவளுக்கு டொச், இந்த நாட்டு ஜெர்மன் மொழி, வராது என்பது எங்கள் வீட்டில் எல்லோரும் ஏற்றுக்கொண்ட விஷயம். இரண்டு வருடமாகச் செவ்வாய்க்கிழமை பின்னேரங்களில் டொச் வகுப்புக்குப் போகிறேன் என்று போய் வந்தாள். கடைசியாகவாவது படிக்கிறாளே என்று நானும் சந்தோஷப்பட்டேன்.

"அது டொச் வகுப்பு இல்லையோ?"

"முதல் மூண்டு மாசம் டொச். அதிலை நாய் எங்கை, பூனை எங்கை எண்டுதான் கேட்டவை. பக்கத்து அறையிலை படகு வகுப்பு நடந்தது. அங்கை மாறீட்டன்."

அப்போதுதான் எனக்குப் பல் டாக்டரின் ஞாபகம் வந்தது. எந்தப் பக்கம் நோகிறது என்று அவர் கேட்டபோது மலர் "பாக்போர்ட்" என்றாள். அவர் கதிரையில் சாய்ந்து சிரித்தார். எனக்கு அந்தச் சொல் தெரியாது. பிழையாக ஏதோ சொல்லிவிட்டாள் என்று அவளுக்காக நான் மன்னிப்புக் கேட்டேன். படகின் இடப்பக்கத்தை அப்படித்தான் சொல்வார்களாம். அவளுக்கு டொச் வந்திருக்கிறது. படகு வழியாக வந்திருக்கிறது. எனக்குத்தான் கேட்கவில்லை.

பள்ளியில் அவளோடு வேலை செய்யும் ஒரு பெண், ஒரு கோடையில் தங்கள் படகில் அவளை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறாள். அதுவும் எனக்குப் புதிதாகத்தான் இருந்தது. ஏனென்றால் ரைன் ஆற்றில் உல்லாசக் கப்பலில் போவோம் என்று நான் பலமுறை கேட்டும் வராதவள் மலர். காரணத்தை நான் கேட்டதில்லை. எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியே வர அவள் கடனீரேரியை வள்ளத்தில் கடந்தவள். வள்ளத்தின் அடியில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்ததாம். பெண்கள் எல்லோரும் சோத்துப் பானையாலும் போணியாலும் இறைத்துக்கொண்டே வந்தார்களாம். கலியாணம் கட்டி இங்கே வந்த புதிதில் ஒரே ஒரு தடவை சொன்னாள். அதன் பிறகு அதைப் பற்றிக் கதைத்ததில்லை.

"உமக்குத் தண்ணியெண்டா பயம் எண்டெல்லோ நான் நினைச்சன்" என்றேன்.

"அந்தக் கப்பலிலை ஒரு கேக்குக்கு என்ன விலை எண்டு தெரியுமோ? அதுதான் வரேல்லை." மடியைத் துடைக்க எனக்கு ஒரு துணியைத் தந்தாள். "பயம் முழுக்க கரையிலைதான் இருந்தது. ஏறுற கரையிலை ஆமி வருமோ எண்டு பயம். இறங்கிற கரையிலை ஆர் நிப்பினமோ எண்டு பயம். வள்ளத்துக்குள்ளை எனக்குப் பயம் இருக்கேல்லை. தண்ணி வந்தது, இறைச்சன். அவ்வளவுதான்."

நான் மடியைத் துடைத்தேன். அவள் நிறுத்தவில்லை.

"எத்தினை வீட்டிலை இருந்து எழும்பியாச்சு? அங்கை ஆமிக்காரன் எழும்பெண்டான். பிறகு சொந்தக்காரர் எழும்பச் சொல்லிச்சினம். இஞ்சை வந்து முகாம். இப்ப கேக்கோட வருகினம். படகிலை இருந்து எழும்பச் சொன்னா எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிக்கொண்டு போகலாம். வீட்டோடை போகலாம்."

அதற்கு எதிராகச் சொல்ல என்னிடம் இருந்தது ஒரே ஒரு வார்த்தைதான். காசு. எங்களிடம் ஒரு சேமிப்பு இருந்தது. ஊருக்குத் திரும்பிப் போய்க் காணி வாங்கிச் சின்னதாக ஒரு வீடு கட்ட என்று நாங்கள் இருவரும் வருடக்கணக்காகச் சேர்த்தது. அதைத் தொட்டால்தான் படகு.

"அது திரும்பிப் போற காசு மலர்."

"ஆர் திரும்பிப் போறது? நீங்கள் போவியளோ?"

வாய் திறந்தேன். ஓம் என்று வந்திருக்க வேண்டும். வரவில்லை. என் வாயில் இருந்து அந்த ஓம் வராதது அன்றைய நாளின் மிகப் பெரிய அதிர்ச்சி. படகு கூட அதற்குப் பிறகுதான்.

3

படகைப் பார்க்க முதல் ஒரு விஷயத்தைத் தீர்க்க வேண்டும் என்றேன். இந்த நாட்டில் பதிவு செய்த விலாசம் இல்லாதவன் மனிதன் இல்லை. வங்கி, வைத்தியக் காப்புறுதி, ஓய்வூதியம் எல்லாம் அந்த விலாசத்தில் தொங்குகின்றன. படகில் இருந்தால் விலாசம் கிடைக்குமா?

நகர அலுவலகத்தில் டெர்மின் எடுத்தோம். கதைக்க வேண்டியது வழக்கம்போல நான். ஒரு இளம் பெண் அலுவலர். தொண்டையைச் செருமிக்கொண்டு, நானும் மனைவியும் இனி ஒரு கப்பலில்தான் குடியிருக்கப் போகிறோம், அதைப் பதிவு செய்ய முடியுமா என்று கேட்டேன். அந்தப் பெண் தட்டச்சு செய்வதை நிறுத்தினார். என்னைப் பார்த்தார். மலரைப் பார்த்தார்.

"எதன் மேல்?" என்றார்.

திருப்பியும் சொன்னேன், இன்னும் சத்தமாக.

கப்பலுக்கு டொச்சில் "ஷிஃப்". செம்மறி ஆட்டுக்கு "ஷாஃப்". நாங்கள் இருவரும் ஒரு செம்மறி ஆட்டின் மேல் குடியிருக்கப் போகிறோம் என்று இரண்டு தரம் அரச அலுவலகத்தில் அறிவித்திருக்கிறேன்.

மலர் என் முழங்கையில் கை வைத்து என்னை மெல்லப் பின்னுக்குத் தள்ளினாள். தானே கதைத்தாள். நீளமான வசனங்கள் இல்லை. ஆனால் ஒவ்வொரு சொல்லும் சரியான இடத்தில் விழுந்தது. துறை, கட்டும் இடம், நிரந்தர இடம், மின்சார இணைப்பு, கழிவுத் தொட்டி. அலுவலர் தலையாட்டினார். துறைச் சொந்தக்காரர் நிரந்தரமாக இருக்கலாம் என்று எழுத்தில் தந்தால், கட்டும் இடத்தின் இலக்கத்தை விலாசமாகப் பதியலாம் என்றார். எழும்பும்போது மலருக்குக் கை கொடுத்தார். என்னைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

வெளியே வந்து மலர் எனக்கு முன்னால் நடந்தாள். டிராம் வந்து ஏறி உட்கார்ந்த பிறகு, யன்னலைப் பார்த்துக்கொண்டு, மெல்ல, "மே..." என்றாள்.

4

படகு நின்ற இடம் பானுக்கு வெளியே. முன்பு சரளைக்கல் தோண்டி எடுத்த ஒரு பெரிய குளம், ஒரு வாய்க்காலால் ரைனோடு சேர்கிறது. ஆற்றின் வேகம் உள்ளே இல்லை. பலகைத் துறைகளில் வரிசையாகப் படகுகள்.

ஆரணி பிராங்பேர்ட்டில் இருந்து ரயிலில் வந்திருந்தாள். சந்தோஷத்தில் வரவில்லை. தொலைபேசியில் கேள்விப்பட்டதும் என்னைத் திருப்பிச் சொல்லச் சொன்னாள். பிறகு டொச்சில், "வீடு இல்லாதவர்கள் என்றுதான் ஆட்கள் நினைப்பார்கள், அப்பா" என்றாள். அவள் எங்களோடு டொச்சில் கதைக்கத் தொடங்கி எத்தனையோ வருடம். தமிழ் விளங்கும், கதைக்கவும் தெரியும். ஆனால் கோபமும் அலுவலும் டொச்சில்தான் வரும். தன்னுடைய வீட்டுக்கு வந்து இருங்கள் என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நாங்கள் போயிருக்க மாட்டோம். இருந்தாலும் அவள் சொல்லாமல் விட்டதைக் கவனித்தேன்.

படகை விற்பவர் ஃபிராவ், அதாவது திருமதி, வீகண்ட். எழுபது தாண்டிய பெண்மணி, உயரம், கம்பளித் தொப்பி. கணவர் இந்தப் படகை இங்கிலாந்தில் வாங்கி லொறியில் கொண்டுவந்தவராம். அங்கே கால்வாய்கள் ஒடுக்கமானவை என்பதால் படகையும் அப்படியே கட்டுவார்களாம். கணவர் இறந்த பிறகும் தனியாக இதிலேயே இருக்கிறார். முழங்கால் படி ஏற விடுவதில்லை. வடக்கே தங்கை வீட்டோடு போகப் போகிறார்.

உள்ளே காலடி வைத்ததும் எனக்கு மூச்சு முட்டியது. நீளம் என்னவோ எங்கள் வீட்டு நடையை இரண்டு மடங்காக்கியது போல இருந்தது. அகலம்? கையை விரித்தால் இரண்டு சுவரும் தட்டுப்படுகின்றன. முன்னால் ஒரு விறகடுப்பு, பிறகு சமையல், பிறகு குளியல், கடைசியில் கட்டில். ஒருவர் நடந்தால் மற்றவர் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். முப்பது வருடம் ஒருத்தியோடு வாழ்ந்தவனுக்குக் கூட இது கொஞ்சம் கிட்டத்தில் தெரிந்தது.

ஆரணியும் ஃபிராவ் வீகண்டும் எங்கள் தலைக்கு மேலால் கதைத்துக்கொண்டு போனார்கள். எரிவாயுச் சோதனை எப்போது செய்தது, காப்புறுதி யார் பெயரில், எஞ்சின் எத்தனை வயது. மலர் அந்தக் கதையில் சேரவில்லை. குளியலறை வாசலில் முழங்காலில் இருந்து, உள்ளங்கையால் தரையை அமத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழும்பிக் குதிக்காலால் ஒரு தட்டு. பலகை தணிந்து கொடுத்தது.

"இதற்குக் கீழே என்ன?" என்று டொச்சில் கேட்டாள்.

ஆரணி பாதியில் நிறுத்திவிட்டுத் திரும்பினாள். அம்மா ஒரு அந்நியரோடு டொச்சில் தானாகக் கதைத்ததை அவள் அதற்கு முன் கேட்டதில்லை.

"பழைய மரம்" என்றார் ஃபிராவ் வீகண்ட். "என் கணவர் மாற்ற இருந்தார்."

"மரத்துக்குக் கீழே?"

"இரும்புதான். திறந்து பார்க்க முடியாது, எல்லாம் ஆணி அடித்துவிட்டார். ஆனால் தண்ணீர் ஒருநாளும் வந்ததில்லை."

அவர் பொய் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனால் மலர், படகைத் தண்ணீரில் இருந்து தூக்கி அடித்தகட்டைச் சோதித்துவிட்டுத்தான் மற்றக் கதை என்றாள். ஃபிராவ் வீகண்ட் உடனே சம்மதித்தார். "எனக்கும் மனதுக்கு நிம்மதி" என்றார்.

5

அந்தத் துறையிலேயே படகு தூக்கும் கிரேன் இருக்கிறது. குறித்த நாளில் நாங்கள் மூவரும் போனோம். சோதிக்க வந்தவர் கெஸ்லர் என்ற மதிப்பீட்டாளர். படகு விற்கும்போதும் காப்புறுதி செய்யும்போதும் இவர்களைத்தான் கூப்பிடுவார்கள்.

இரண்டு பட்டி கட்டித் தூக்கினார்கள். அந்த நீளமான உடம்பு தண்ணீர் ஒழுக ஒழுக மேலே எழும்பியது. அடியில் பாசியும் சிப்பியும். கட்டைகளில் இறக்கி வைத்துக் கழுவினார்கள். கெஸ்லர் அங்கங்கே சுரண்டி, ஒரு சின்னக் கருவியை வைத்து இரும்பின் தடிப்பை அளந்தார். ஆறு மில்லிமீட்டரில் கட்டிய படகு. ஐந்தரை, ஐந்தேகால், ஐந்தரை என்று சொல்லச் சொல்ல ஃபிராவ் வீகண்டின் முகம் மலர்ந்தது. பழைய படகுக்கு இது நல்ல அளவு என்றார் கெஸ்லர். ஆரணியின் முகம் வாடியது. எனக்கு எது வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை.

"குளியலறைக்குக் கீழே" என்றாள் மலர்.

கெஸ்லர் அங்கே குனிந்து போனார். நான்கு. மூன்று. இன்னொரு இடத்தில் வைத்தார். கருவி ஒன்றும் காட்டவில்லை. திருப்பி வைத்தார். பிறகு கருவியைச் சட்டைப் பையில் போட்டுவிட்டுச் சின்னச் சுத்தியலை எடுத்தார். தட்டிக்கொண்டே வந்தார். டங், டங் என்று மணி போலக் கேட்டது. அடுத்த தட்டு டொப் என்றது. அவர் பலமாக அடிக்கவில்லை. கதவைத் தட்டுகிற மாதிரித்தான் தட்டினார்.

சுத்தியலின் தலை இரும்புக்குள் போய்விட்டது.

அவர் சுத்தியலை இழுத்ததும் துருப் பிடித்த கறள் நிறத்தில் தண்ணீர் ஒழுகி அவருடைய சப்பாத்தில் ஊற்றியது. வெளித் தண்ணீர் அல்ல, உள்ளே தேங்கிக் கிடந்தது. குளிக்கும் தட்டு வருடக்கணக்காக ஒழுகி, ஆணி அடித்த பலகைக்கு அடியில் நின்று, இரும்பை உள்ளிருந்து தின்றிருக்கிறது. கையளவு இடத்தில் மிச்சம் இருந்தது கறளும் வெளியே பூசிய கரிப்பூச்சும் மட்டும்.

ஃபிராவ் வீகண்ட் சரளைக் கல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அதற்கு மேலே நின்றுதான் நான் இன்று காலையும் குளித்தேன்" என்றார். திருப்பித் திருப்பி அதையே சொன்னார். "இன்று காலையும்."

நான் அந்தக் குளியலறை வாசலில் நின்றவன். மலர் அந்தப் பலகையில் குதிக்காலால் தட்டியவள்.

ஆரணிதான் முதலில் சுதாரித்தாள். என் காதில், "சரி. முடிந்தது அப்பா. கடவுள் காப்பாற்றினார். வீட்டுக்குப் போவோம்" என்றாள். நானும் எங்கள் காரை நோக்கித் திரும்பினேன்.

கிரேன்காரர் ஃபிராவ் வீகண்டிடம் வந்தார். இந்த நிலையில் படகைத் திரும்பத் தண்ணீரில் விட முடியாது என்றார். கட்டையில் நிற்கும் படகில் ஆள் தங்கவும் கூடாது, அது துறையின் விதி. ஃபிராவ் வீகண்ட் தலையாட்டினார். எங்கே தங்குவீர்கள் என்று கெஸ்லர் கேட்டார். "என் சின்னக் கார் இருக்கிறதே" என்றார். தங்கை வடக்கே, ஒரு நாள் பயணம். வேறு ஆட்கள் இல்லை.

மலர் அவருக்குப் பக்கத்தில் போய்ச் சரளையில் குந்தினாள். அவருடைய கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டாள். என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. எழும்பி வந்து தமிழில் என்னிடம் சொன்னாள்:

"இவ எங்களோடை வாறா. ஆரணியின்ரை அறையைக் குடுப்பம்."

ஆரணி திடுக்கிட்டுத் தமிழுக்கு மாறினாள். "அம்மா! அவ விக்கிற ஆள், நீங்கள் வாங்கிற ஆக்கள். ஓட்டைப் படகை உங்கடை தலையிலை கட்டப் பாத்தவ!"

"அவவுக்குத் தெரியாது பிள்ளை. தெரிஞ்சா அதிலை நிண்டு குளிப்பாவோ?"

"எழும்பச் சொன்ன வீட்டுக்கு விருந்தாளியோ?"

"எழும்பும் மட்டும் அது எங்கடை வீடுதானே" என்றாள் மலர். எங்கள் கார்க் கதவைத் திறந்தாள்.

6

ஃபிராவ் வீகண்ட் எங்களோடு சில கிழமைகள் இருந்தார். முதல் நாள், அவர் அறைக் கதவைச் சாத்திய பிறகு, நான் வரவேற்பறையில் உட்கார்ந்து யோசித்தேன். இந்த நாட்டில் இருவருமாக முப்பது வருடம் வாழ்ந்துவிட்டோம். எங்கள் வீட்டில் படுத்து எழும்பிய முதல் ஜெர்மன்காரி இவர். அவர்கள் வராதது கூடப் பெரிதில்லை, நாங்கள் ஒருவரையும் கூப்பிடவில்லை என்பதுதான் திகைப்பாக இருந்தது.

இடியப்பத்தைக் கத்தியால் வெட்டிச் சாப்பிட்டார். சொதியைக் கோப்பையில் ஊற்றிக் குடித்தார். மாலையில் அவரும் மலரும் சமையலறையில் இருந்து படகுக் கதைதான். குளிர்காலத்தில் தண்ணீர்க் குழாய் உறையாமல் எப்படிப் பார்ப்பது, அடுப்பில் எந்த விறகு, ரைனில் வெள்ளம் வந்தால் கயிற்றை எவ்வளவு தளர்த்துவது. இந்த எஞ்சினால் ரைனில் நீரோட்டத்துக்கு எதிராக மேல்பக்கம் ஏறவே ஏலாது என்று ஒருநாள் எச்சரித்தார். "ஓட்டத்தோடை கீழ்ப்பக்கம் போகலாம்தானே?" என்றாள் மலர். இருவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள்.

அப்போதுதான் விளங்கியது, மலர் அந்தப் படகை இன்னும் கைவிடவில்லை என்று.

"ஓட்டை விழுந்த படகு!" என்றேன்.

"ஓட்டை எங்கை எண்டு இப்ப தெரியும். பாக்காமல் வாங்கிற படகிலை எங்கை எண்டு தெரியாது."

கெஸ்லரும் அதையேதான் சொன்னார். அந்த ஓர் இடத்தைத் தவிர மற்ற இரும்பு நல்லது. கெட்ட பகுதியை வெட்டி எடுத்துப் புதுத் தகடு உருக்கி ஒட்டினால் இன்னும் நீண்ட காலம் ஓடும். ஒட்டுச் செலவை ஃபிராவ் வீகண்ட் தானாகவே விலையில் கழித்தார். அந்தப் பேச்சை அவரும் மலரும் வெங்காயம் உரித்துக்கொண்டே முடித்துவிட்டார்கள். ஆனால் மலர் கடைசி வார்த்தையைச் சொல்லவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் தெரியாதது போல இருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபிராவ் வீகண்ட் எங்கள் படுக்கையறை வாசலில் நின்று, அலுமாரிக்கு மேலே பார்த்தார்.

"நீங்கள் பயணம் போகிறீர்களா?"

"இல்லையே."

"ஏன் இத்தனை பெட்டிகள்?"

அண்ணாந்து பார்த்தேன். நான்கு பெரிய பயணப் பெட்டிகள். நாங்கள் இந்த வீட்டுக்கு வந்த காலத்தில் இருந்து அங்கேதான். தூசி தட்டுவோம், இறக்க மாட்டோம். தமிழர் வீடுகளில் எல்லாம் அப்படித்தான் இருக்கும் என்று சொல்ல வந்தேன். ஊருக்குப் போகும்போது தேவைப்படும் என்று சொல்ல வந்தேன். கடைசியாக ஊருக்குப் போனபோது சின்னப் பெட்டி ஒன்றைத்தான் கொண்டுபோனேன். அங்கே ஒரு விடுதியில் தங்கி, காய்ச்சி ஆறிய தண்ணீர் மட்டும் குடித்து, திரும்பும் நாளுக்காகக் காத்திருந்தேன். அதை நான் மலருக்குச் சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை.

அந்தப் பெரிய பெட்டிகளை வைக்க அந்தப் படகில் இடமே இல்லை என்று எனக்குத் திடீரென்று தோன்றியது. அப்படித் தோன்றியபோது நெஞ்சு கனக்கும் என்று எதிர்பார்த்தேன். கனக்கவில்லை.

கதிரை போட்டு ஏறினேன். ஒவ்வொன்றாக இறக்கி, படியால் கீழே கொண்டுபோய், பழைய பொருள் எடுக்க வரும் லொறிக்காகத் தெருவோரத்தில் வைத்தேன். முதுகு நொந்தது. நான்காவதைக் கொண்டு இறங்கும்போது கடையால் வந்த மலர் படியில் எதிர்ப்பட்டாள். பெட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மற்றப் பக்கக் கைபிடியைப் பிடித்தாள்.

7

புதுத் தகடு ஒட்டி, கரிப்பூச்சுப் பூசி, படகைத் தண்ணீரில் இறக்கிய நாள் நல்ல வெயில். ஃபிராவ் வீகண்ட், சின்னக் காரை விற்றுவிட்டு, அன்று பின்னேர ரயிலில் வடக்கே போவதற்குப் பெட்டியோடு வந்திருந்தார். ஆரணியும் வந்தாள். வரச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. லீவு போட்டு, அலுவலக உடுப்போடு நேரே வந்திருந்தாள்.

கிரேன் படகைத் தண்ணீரில் இறக்கியது. ஆனால் பட்டிகளைக் கழற்றவில்லை. யாராவது உள்ளே போய் ஒட்டின இடத்தைப் பார்க்க வேண்டும். தண்ணீர் ஊறினால் திரும்பத் தூக்கிவிடுவார்கள். கெஸ்லர் மின்விளக்கை எடுத்துக்கொண்டு அடி வைத்தார். மலர் அவர் கையில் இருந்து விளக்கை வாங்கிக்கொண்டாள்.

"என்னுடைய படகு" என்றாள் டொச்சில்.

உள்ளே போனாள். பலகையைத் தூக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

நேரம் போனது. கிரேன்காரர் நெம்புகோலில் கை வைத்தபடி இருந்தார். ஃபிராவ் வீகண்ட் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். எங்கள் முழுச் சேமிப்பும் அங்கே இரண்டு பட்டியில் தொங்குகிறது என்பது மூளைக்குத் தெரியும். ஆனால் நான் அதை நினைக்கவில்லை. அவள் ஏன் கூப்பிடுகிறாள் இல்லை என்பதை மட்டுமே நினைத்தேன்.

"அப்பா, நீங்களும் போங்கோவன்" என்றாள் ஆரணி. என் கையை எப்போது பிடித்தாளோ தெரியாது, நகம் பதியப் பிடித்திருந்தாள்.

நான் காலெடுத்தபோது வாசலில் மலரின் தலை தெரிந்தது. முழங்கை வரை தூசி. விரல்களை விரித்து எல்லோருக்கும் காட்டினாள்.

"காய்ஞ்சு கிடக்குது" என்றாள் தமிழில். கெஸ்லரும் கிரேன்காரரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அவள் டொச்சில் திருப்பிச் சொன்னாள். கெஸ்லர் கை தட்டினார். பட்டிகள் தளர்ந்து தண்ணீருக்குள் விழுந்தன. படகு தன் பாட்டில் நின்றது.

ஆரணி என் கையை விட்டுவிட்டு முதல் ஆளாகத் துறை விளிம்புக்குப் போனாள். ஒரு காலைத் தூக்கிப் படகில் வைக்கப் போனாள்.

"ஏய், ஏய்!" என்று மலர் கத்தினாள். நான் திடுக்கிட்டு, எங்கோ உடைந்துவிட்டது என்று நினைத்தேன். "வீட்டுக்குள்ளை சப்பாத்தோடையோ வாறாய்? கழட்டிப்போட்டு வா!"

ஆரணி தூக்கிய கால் தூக்கியபடி நின்றாள். அடுத்த நிமிடம் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் ஆடி ஆடி அலுவலகச் சப்பாத்தைக் கழற்றினாள். நானும் கழற்றினேன்.

எங்களுக்குப் பின்னால் ஃபிராவ் வீகண்ட், எத்தனையோ வருடம் அந்தப் படகில் சப்பாத்தோடு நடந்தவர், நொந்த முழங்காலை மடக்க முடியாமல் மடக்கி, குனிந்து தன் சப்பாத்து நாடாவை அவிழ்க்கத் தொடங்கினார்.